இன்னோவாவின் பின்சக்கரத்தில் முறிந்த ஸ்டட்: ஒரு நிகழ்வு ஆய்வு

அத்தானின் வண்டி 2011 மாடல் டொயோட்டா இன்னோவா. 2.5 லிட்டர் டீசல், ஸ்டீல் ரிம், 205/65 ஆர்15 டயர். பாளையங்கோட்டையில் வீட்டை ஒட்டிய கான்கிரீட் ஷெட்டில் நிற்கும். டயர்களை முன்பின் மாற்றிப் போடலாம் என்று கழற்றியபோது, இடது பின்சக்கரத்தில் நான்கு நட்டுகள் ஒழுங்காக வந்தன. ஐந்தாவது முதல் அசைவிலேயே முரண்டு பிடித்தது. அரைச் சுற்று வந்து நின்றது, கிறீச்சிட்டது, திடீரென்று இலகுவாகிவிட்டது. நட்டு ஏறும் மரை போட்ட கம்பிதான் ஸ்டட். அதன் முன்பாதி முறிந்து நட்டுக்குள்ளேயே சிக்கி வந்திருந்தது.

"ஒண்ணுதானே மாப்ள, மீதி நாலு இருக்கே. இப்படியே ஓட்டிட்டு அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் அத்தான்.

ஊருக்குள் இருக்கும் பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போவதென்றால் ஐந்து ஸ்டட் வண்டியில் நானும் சம்மதித்திருப்பேன். நாலு ஸ்டட் வண்டியென்றால் அதுவும் வேண்டாம் என்பேன். ஆனால் அவர் மனதில் இருந்தது குடும்பத்தோடு மதுரைப் பயணம். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது: இந்த ஸ்டட் ஏன் முறிந்தது? காரணம் தெரியாமல் புதிதாக ஒன்றை அடித்து ஏற்றினால் அதுவும் அதே வழியில் போகும்.

வண்டியின் பாரத்தை ஸ்டட்டுகள் ஆணி போலத் தாங்கி நிற்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றின் வேலை ரிம்மை அதன் பின்னால் உள்ள பிரேக் டிரம்மின் முகத்தோடு சேர்த்து இழுத்துப் பிடிப்பது. பிரேக் பிடிக்கும் விசை, வண்டியை உந்தும் விசை எல்லாம் அந்த இரண்டு முகங்களுக்கு நடுவே உள்ள உராய்வு வழியாகவே கடக்கின்றன. இன்னோவாவின் வீல் நட்டுக்கு டொயோட்டா சொல்லும் முறுக்கு 103 நியூட்டன் மீட்டர். ஸ்டட் 12 மில்லி விட்டம், மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லி. இதை வைத்துச் சாதாரண உராய்வுக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு ஸ்டட்டும் நாலு டன்னுக்குச் சற்று அதிகமான விசையில் இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுவை இருக்கும் வரை சக்கரம் சுழலும்போது ஸ்டட்டுக்குள் விசை பெரிதாக ஏறி இறங்குவதில்லை. இழுவை போய்விட்டால் ரிம் நுணுக்கமாக அசைய ஆரம்பிக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் ஒரு முறை வளைந்து நிமிரும். இரும்பு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் லட்சக்கணக்கான முறை வளைத்தால் விரிசல் விடும்.

முறிந்த முகத்தைத் துடைத்து வெயிலில் பார்த்தேன். ஓர் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பகுதி கறுத்து, வழவழப்பாக இருந்தது. மீதி முழுவதும் புது இரும்பின் நிறத்தில் சொரசொரப்பு. கறுத்த பகுதி பழைய விரிசல். காற்றும் ஈரமும் உள்ளே போய்த் துருவேறும் அளவுக்கு அது நாள்பட்டிருக்கிறது. சொரசொரப்பான பகுதிதான் அன்றைக்கு நாங்கள் ஸ்பானர் போட்டபோது முறிந்தது. ஆக, ஸ்டட் முறிந்தது எங்கள் கையில் என்றாலும், அதன் ஆயுள் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது.

அப்புறம் நட்டை வைஸில் பிடித்து ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு மரைகள் நசுங்கி ஒன்றோடொன்று இழைந்து கிடந்தன. மரை பிசகி ஏறிய நட்டு. கையால் நாலு சுற்று ஏற்றாமல், நட்டை ஏர் கன்னின் (காற்றழுத்தத்தால் நட்டை இறுக்கும் கருவி) சாக்கெட்டுக்குள்ளேயே வைத்து ஸ்டட்டின் முனையில் முட்டி விசையை அழுத்தினால் இப்படித்தான் ஆகும். சில மாதங்களுக்கு முன் பைபாஸில் ஒரு பஞ்சர் கடையில் இதே சக்கரத்தைக் கழற்றி மாட்டியது அத்தானுக்கு நினைவிருந்தது. "கன் வச்சு ரெண்டு நிமிசத்துல முடிச்சுட்டான்" என்று அப்போது பாராட்டிவிட்டு வேறு வந்திருக்கிறார்.

பிசகிய நட்டு எப்படி விரிசலில் கொண்டுபோய் விடும் என்பதுதான் இந்த விவகாரத்தில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. கன் கொடுத்த முறுக்கு முழுவதும் நசுங்கிய மரைகளுக்கு நடுவே உராய்விலேயே செலவாகிவிட்டது. ஸ்பானருக்கு அந்த நட்டு கல் மாதிரி இறுகியிருக்கும். ரிம்மை மட்டும் அது இழுத்துப் பிடித்திருக்காது. ரிம்மிலேயே அதற்குச் சாட்சி இருந்தது. நான்கு நட்டுகளின் கூம்பு உட்காரும் இடங்கள் சுத்தமாகப் பளபளத்தன. ஐந்தாவது துளையைச் சுற்றிச் செம்பழுப்பான தூள் ஒட்டியிருந்தது. இரண்டு இரும்பு முகங்கள் நுண்ணிய அளவில் உரசிக்கொண்டே இருந்தால் வரும் தூள் அது. சக்கரம் கழற்றாமலே இதைக் கவனிக்கலாம்: ஒரு நட்டின் அடியிலிருந்து மட்டும் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டைச் சந்தேகப்பட வேண்டும். நல்ல வேளையாக ரிம்மின் துளை நீள்வட்டமாகத் தேயவில்லை. தேய்ந்திருந்தால் ரிம்மையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

சரி, மற்ற நான்கு? அவற்றில் நட்டை வெறும் விரலால் ஏற்றிப் பார்த்தேன். இரண்டில் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனது. இரண்டில் பாதி வழியில் கனத்தது. புது ஸ்டட் வந்த பிறகு அதை இந்த இரண்டின் பக்கவாட்டில் மரையோடு மரை பொருத்தி, பின்னால் டார்ச் பிடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. முதல் சில மரைகள் சேர்ந்து உட்கார்ந்தன, போகப் போக விலகி நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஸ்டட் நீண்டுவிட்டது. மீள முடியாத அளவுக்கு இழுபட்டு, மரைகளின் இடைவெளி கூடியிருக்கிறது.

அதிகமாக இறுக்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். இந்த வகை ஸ்டட்டுகள் பொதுவாக 10.9 தரத்து இரும்பு. 12 மில்லி ஸ்டட் ஒன்பது டன்னை ஒட்டிய இழுவையில் அறுந்துவிடும், அதற்கு முன்பே நீளத் தொடங்கிவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 சென்டிமீட்டர் ஸ்பானரின் முனையில் ஏறி நின்றால் முறுக்கு 270 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. டொயோட்டா சொன்னதைப் போல இரண்டரை மடங்கு. துருப்பிடித்த மரை அதில் ஒரு பங்கை விழுங்குவதால்தான் நம் ஊரில் இத்தனை வண்டிகள் தப்பிக்கின்றன. அதே மரையில் "ஈசியா கழறட்டும்" என்று கிரீஸ் தடவிவிட்டு அதே வேகத்தில் இறுக்கினால் தப்பிக்க வழியே இல்லை. உராய்வு குறைந்தால் அதே முறுக்குக்கு இழுவை கூடும்.

ஆக ஒரே சக்கரத்தில், ஒரே கையால், இரண்டு எதிரெதிர்க் கேடுகள். ஒரு ஸ்டட்டுக்கு இழுவையே கிடைக்காமல் விரிசல். பக்கத்து ஸ்டட்டுகளுக்கு இழுவை அளவு மீறி நீட்சி. இரண்டையும் கன் ஒரே மாதிரி "இறுகிவிட்டது" என்றுதான் சொல்லியிருக்கும். அதனால் ஒன்றை மட்டும் மாற்றும் யோசனையைக் கைவிட்டு ஐந்தையும் மாற்றுவது என்று முடிவானது.

ஸ்பேர் கடையில் வீல் ஸ்டட் என்றும் கேட்கலாம், ஹப் போல்ட் என்றும் கேட்கலாம். வண்டி மாடலைச் சொல்லி, முன்சக்கரமா பின்சக்கரமா என்பதையும் சொல்ல வேண்டும். பழைய துண்டைக் கையில் கொண்டுபோவது நல்லது. மரையும் நீளமும் சரியாக இருந்தால் போதாது. தலைக்கு அடியில் நெடுக வரிவரியாகப் பற்கள் வெட்டிய பகுதி இருக்கும். அது துளையைவிட ஒரு இழை பெரிதாக இருப்பதால்தான் ஸ்டட் சுழலாமல் கவ்வி நிற்கிறது. அதன் விட்டத்தை வெர்னியரில் பார்க்க வேண்டும். கால் மில்லி குறைந்தால் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றும், கூடினால் உள்ளே போகாது. மாருதி வண்டிகளின் ஸ்டட்டும் 12 மில்லிதான், ஆனால் மரை 1.25. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மாறிப் போய்விடக் கூடாது. ஐந்து ஸ்டட்டோடு ஐந்து புது நட்டும் வாங்கினோம். நீண்ட ஸ்டட்டில் ஏறி இறங்கிய நட்டின் மரையை நம்ப எனக்கு மனமில்லை.

எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, "ஆக்சில் ஷாப்ட வெளிய இழுத்து பிரஸ்ல வச்சு மாத்துறதுதான் சுத்தமான வேலை தம்பி" என்றார். சுத்தமான வேலைதான். ஆனால் ஷாப்டை இழுத்தால் ஆயில் சீல், பிரேக் பைப் என்று வேலை வளரும். டிரம்மை மட்டும் கழற்றிவிட்டு வண்டியிலேயே மாற்றலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சுத்தியல் போடாம எடுக்கதா இருந்தா செய்யி" என்று சொல்லித் திருகை இறுக்கித் தள்ளிக் கழற்றும் தன் பால் ஜாயின்ட் புல்லரை எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னதன் காரணம், பின்னால் இருந்த பேரிங். ஸ்டட்டுகள் பொருந்தியிருக்கும் ஷாப்டின் தட்டில் கனத்த சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தால் அந்த அதிர்ச்சி பேரிங்குக்குள் போய், அதன் ஓடுபாதையில் சின்னப் பள்ளங்களைப் பதித்துவிடும். ஸ்டட் மாறிய சந்தோஷம் முடிவதற்குள் பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும்.

இனி வண்டியைத் தூக்கும் விஷயம். இன்னோவாவில் வீட்டில் வேலை செய்கிறவர்கள் மற்ற எதையும்விட இதைக் கவனிக்க வேண்டும். டிரம் வெளியே வர வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும். சின்னக் கார்களில் முன்சக்கரங்கள் ஓட்டுகின்றன, கியரில் போட்டால் அவை தரையில் பிடித்துக்கொள்ளும். இன்னோவா பின்சக்கர ஓட்டம். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியரில் போட்டாலும் வண்டி நிற்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பின்சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுழலவிடும் டிபரன்ஷியல் காரணமாக, தூக்கிய பக்கம் ஒரு திசையில் சும்மா சுழலும், தரையில் உள்ள சக்கரம் மறு திசையில் உருளும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஆகவே வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கும் கட்டைகள் மட்டுமே. நான்கு கட்டைகளை அடித்துப் பொருத்திவிட்டு, ஆக்சில் குழாயின் அடியில் ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை உலுக்கிப் பார்த்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விட்டோம். கழற்றிய சக்கரத்தை அடிச்சட்டத்தின் கீழே படுக்கப் போட்டது கூடுதல் பாதுகாப்பு. சரிவான வாசலிலோ மண் தரையிலோ இந்த வேலையைத் தொட வேண்டாம்.

டிரம் துருவில் ஒட்டியிருந்தது. அதன் முகத்தில் மரை வெட்டிய இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். 8 மில்லி போல்ட் இரண்டை அவற்றில் ஏற்றி, இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருகினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். வராமல் பிடித்தால், உள்ளே இருக்கும் பிரேக் ஷூக்கள் தேய்த்த பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது ஷூக்களை விரித்து வைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதவும் கூடாது, கம்ப்ரஸரால் அடிக்கவும் கூடாது. முகமூடி போட்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியில் வழித்தெடுத்தோம். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். அத்தானின் மகன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து விளையாடும் வயதில் இருப்பதால் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கழற்றும் வேலை சீக்கிரம் முடிந்தது. புல்லரின் கவட்டையைத் தட்டின் பின்னால் ஸ்டட்டின் தலையைச் சுற்றி நிறுத்தி, முன்னால் அதன் திருகை இறுக்கினால், ஒரு டக் சத்தத்தோடு ஸ்டட் பின்னோக்கி நகர்கிறது. முறிந்தது குட்டையாக இருந்ததால் உடனே கையில் விழுந்தது. முழு நீளம் உள்ள மற்றவற்றுக்குப் பின்பக்கம் இடம் போதவில்லை. புது ஸ்டட்டை நுழைக்கவும் இதே சிக்கல்தான். ஷூக்களைத் தாங்கும் பேக் பிளேட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஷூ, ஸ்பிரிங், சிலிண்டர் எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கியரை நியூட்ரலில் வைத்துத் தட்டை மெல்லச் சுழற்றி, எந்த இடத்தில் அதிக இடைவெளி கிடைக்கிறது என்று தேடினோம். போதாததற்கு ஒரு ஷூவைப் பிடிக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஷூவைக் கொஞ்சம் ஒதுக்கியதும் ஸ்டட்டைச் சாய்த்து நுழைக்க முடிந்தது. இந்த இடத்தில் பொறுமை இழந்து ஸ்டட்டின் தலையில் ஓர் ஓரத்தை கிரைண்டரில் சீவி நுழைக்கிறவர்கள் உண்டு. பேக் பிளேட்டை வளைக்கிறவர்களும் உண்டு. ஐந்து நிமிடம் மிச்சப்படுத்த அது பெரிய விலை.

உள்ளே இழுக்கும் முறை எளிது, அலங்காரம் எதுவும் இல்லை. துளையைச் சுத்தம் செய்து, பழைய ஸ்டட்டின் பற்கள் பதிந்த தடத்தில் புதியதின் பற்கள் இறங்குமாறு கையால் சுழற்றித் தேடினோம். முன்னால் தடிமனான வாஷர்கள் நாலைந்து, அவற்றின் நடுவே மட்டும் கிரீஸ். பிறகு, இனி பயன்படுத்தப் போவதில்லை என்று ஒதுக்கிய பழைய நட்டுகளில் மரை நன்றாக இருந்த ஒன்றைத் தலைகீழாக, தட்டை முகம் வாஷரைப் பார்க்க ஏற்றி, கைஸ்பானரால் சீராகத் திருகினோம். டொயோட்டாவின் பட்டறை முறையும் ஏறக்குறைய இதுதான். ஏர் கன் இருந்தாலும் இங்கே அதற்கு வேலையில்லை. ஸ்டட் நகர்ந்து வருவதும், வந்து முட்டி நிற்பதும் கையில் தெரிய வேண்டும். இழுபடும்போது ஒரே மாதிரி கனம் இருக்கும், தலை தட்டில் உட்கார்ந்ததும் சட்டென்று விறைக்கும். அதற்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம், புது ஸ்டட்டை அங்கேயே நீட்டிவிடுவோம். குறித்த முறுக்கு வந்ததும் டிக் என்று சொல்லும் டார்க் ரென்ச்சை 103-இல் வைத்தே இந்த வேலையைச் செய்தேன். உட்காருவதற்கு முன்பே அது டிக் என்றால் பற்களின் அளவில் ஏதோ தவறு என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடலாம் என்பது என் கணக்கு. அப்படி நடக்கவில்லை. உட்கார்ந்த பிறகு பின்னால் டார்ச் அடித்து, தலைக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய பிளேடு நுழைகிறதா என்று பார்த்தோம். ஐந்திலும் நுழையவில்லை.

மாட்டும்போது ரிம், டிரம் இரண்டின் முகங்களிலும் இருந்த துருச்செதிலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தோம். அந்தச் செதில் பிற்பாடு நொறுங்கினால் இழுவை தளரும். பெயின்ட் பூசினாலும் அதே கதைதான். நட்டுகள் எல்லாவற்றையும் விரலால் கடைசி வரை ஏற்றினோம். எண்ணெய் எதுவும் தடவவில்லை. நட்சத்திர வரிசையில், முதலில் பாதி முறுக்கு, சக்கரம் தரையில் இறங்கியதும் முழு முறுக்கு. ஷூ ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டியதையும் அட்ஜஸ்டரையும் சரிபார்த்து, பெடல் பழைய உயரத்தில் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியைத் தெருவில் இறக்கினோம்.

புதிதாக இழுத்து வைத்த ஸ்டட் ஓட்டத்தில் ஒரு இழை இறங்கி உட்காருவது இயல்பு. அதனால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, சக்கரம் ஆறிய நிலையில் மறுபடியும் டார்க் ரென்ச் வைக்க வேண்டும். தூத்துக்குடி போய் வந்த பிறகு வைத்தோம். இரண்டு நட்டுகள் கொஞ்சம் நகர்ந்து டிக் என்றன, மூன்று அசையவில்லை. அடுத்த முறை வைத்தபோது எதுவும் நகரவில்லை. அதன் பிறகும் ஏதாவது ஒன்று தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருந்தால் ஸ்டட்டின் தலை சரியாக உட்காரவில்லை, அல்லது துளையே தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது அண்ணாச்சி சொன்ன வழிதான்: ஷாப்டை இழுத்துப் பார்க்க வேண்டும். சில பட்டறைகளில் தளர்ந்த ஸ்டட்டின் தலையைத் தட்டோடு வெல்டிங் வைத்துத் தருவார்கள். அந்தச் சூட்டில் ஸ்டட்டின் இரும்பு பதம் கெட்டுப்போகும், அடுத்த முறை கழற்றவும் முடியாது. வேண்டாம்.

மற்ற மூன்று சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, நட்டை விரலால் ஓட்டிப் பார்த்து, 103-இல் இறுக்கினோம். வலது பின்சக்கரத்தில் ஒரு ஸ்டட் பாதியில் கனத்தது. அதற்கும் சேர்த்து ஸ்டட் வாங்கி வைத்தாயிற்று. பஞ்சர் கடையில் இனி என்ன சொல்ல வேண்டும் என்று அத்தான் கேட்டார். நட்டைக் கையால் ஏற்றச் சொல்லுங்கள், கன்னை லேசாகத் தொட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள், மீதியை வண்டியில் இருக்கும் ஸ்பானரால் நாமே இறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து ரென்ச் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "அவன் திட்டுவானே மாப்ள" என்றார். திட்டட்டும்.